முயற்சியாளன் யார்? – கப்பலோட்டிய சிதம்பரனார் வரலாறு

கப்பலோட்டிய தமிழன் என்றால் அது வ. உ. சிதம்பரம்பிள்ளையைக் குறிக்கும் என்பதைத் தமிழர் வாழும் இடங்களில் சிறுவரும் அறிவர். ஆயின், அவர் தம் வாழ்நாளிற் சுக்கான் பிடித்தவரல்லர், பாய் விரித்தவரல்லர், நீராவி எந்திரத்தின் முன்னின்று கரி அள்ளிப் போட்டவருமல்லர். 1872ஆம் ஆண்டு செப்ரெம்பர் 5ஆந் திகதி ஒட்டப்பிடாரத்திற் பிறந்து, தந்தையாரைப் போலவே வழக்குரைத்து வாழ்ந்த வக்கீல் அவர். கப்பலை விலைக்கு வாங்குதற்குப் போதிய பெருஞ்செல்வம் அவரிடத்து இருந்ததா எனின், அதுவும் இல்லை. மாலுமியும் அல்லாத, செல்வரும் அல்லாத ஒருவரைக் கப்பலோட்டினார் என்று உலகம் போற்றுவது எதனால்? அவர் செய்த செயல்தான் யாது?

இவ்வினாவுக்கு விடை காண்பது, முயற்சியாளன் என்பவன் யார் என்னும் பொதுவான வினாவுக்கும் விடை காண்பதாகும். முதல் உடையவன் எல்லாம் முயற்சியாளன் என்று எண்ணுவோர் உளர். கடை வைத்து இலாபம் ஈட்டுபவன் எல்லாம் முயற்சியாளன் என்று கருதுவோரும் உளர். இவ்விரண்டு எண்ணங்களும் எத்துணை குறைபாடுடையன என்பதைச் சிதம்பரனாரின் வரலாறு போலத் தெளிவாகக் காட்டுவது பிறிதொன்றில்லை.

பொருளியல் அறிஞர் முயற்சியாளனைக் குறிக்க வழங்குஞ் சொல் பிரெஞ்சு மொழியிற் பிறந்தது. ஒரு செயலைத் தன் மேற் கொள்பவன் என்பதே அதன் அடிப்படைப் பொருள். தமிழில் 'மேற்கொள்ளுதல்' என்று வழங்குவதும் இதுவே. சுமையொன்றைத் தரையினின்றும் எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொள்பவனை அச்சொல் நினைவூட்டுகின்றது. அயர்லாந்திற் பிறந்து பாரிஸ் நகரில் வங்கித் தொழில் நடத்திய ரிச்சட் கந்திலோன் என்பவர், தாம் இறந்து இருபத்தோராண்டின் பின், 1755இல் அச்சேறிய நூலிலே இவ்வாறு விளக்கினார்: முயற்சியாளன் தெரிந்த விலைக்கு வாங்குகிறான், தெரியாத விலைக்கு விற்கவேண்டியவனாய் இருக்கிறான். அவனுக்குச் செலவு உறுதி, வரவு உறுதியன்று. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள இருளில் நிற்பதே அவன் தொழில். இவ்விலக்கணத்தை மனத்திற் கொண்டு, நூறாண்டுக்கு மேற்பட்ட காலத்துத் தூத்துக்குடிக் கடற்கரைக்குச் செல்வோம்.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே புகைவண்டியோடு இணைந்த கப்பற் சேவை 1914இலேதான் தொடங்கிற்று. அதற்கு முன்னர், தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலான போக்குவரத்துக்குத் தூத்துக்குடி – கொழும்புக் கடல்வழியே தலைவாசலாய் விளங்கியது. கொழும்புச் செட்டியார் தெருவுக்கு வந்த வணிகரும், மலைநாட்டுத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளரும் இவ்வழியிற் பயணஞ் செய்தனர். அரிசியும் துணியும் இவ்வழியே வந்து இறங்கின. மாலையிற் புறப்பட்டால் மறுநாட் காலையிற் கரை காணலாம். குறுகிய வழி, குறையாத சரக்கு, ஓயாத பயணிகள் கூட்டம். கப்பல் முதலாளிக்கு இதனினுஞ் சிறந்த வழி வேண்டுவதில்லை.

அவ்வழியை ஆண்டது பிரித்தானிய இந்திய நீராவிக் கப்பற் கம்பனி. ஸ்கொத்லாந்து நாட்டவரான வில்லியம் மக்கினன் என்பவரால் 1856இற் கல்கத்தாவுக்கும் பர்மாவுக்கும் இடையே தொடங்கப்பட்டு, 1862இல் அப்பெயர் பெற்ற நிறுவனம் அது. பர்மா முதற் பாரசீக வளைகுடா வரையும், அப்பாற் கிழக்காபிரிக்கா வரையும் அதன் கப்பல்கள் சென்றன. தூத்துக்குடியில் அதற்கு முகவராய் இருந்தவர் ஆர்வி கம்பனியார். கோரல் மில் என வழங்கிய பஞ்சாலையும் அவர்களுக்கே உரியது. ஊரின் கடல் வணிகமும் ஆலைத் தொழிலும் ஒரே வாயிலில் ஒன்றுகூடியிருந்தன என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். பின்னர் நிகழ்ந்தவற்றை விளக்குவது இதுவே.

தூத்துக்குடியிற் குறைவாயிருந்தது எது? பணமா? உப்பும் பஞ்சும் முத்தும் சங்கும் விற்றுப் பொருளீட்டிய வணிகர் அங்கே பலர் இருந்தனர். கடலறிவா? பரதவர் தலைமுறை தலைமுறையாகக் கடலிற் பிழைத்தவர். துறைமுகத்தின் ஆழம் போதாமையாற் பெருங் கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நின்ற அந்நாளில், அக்கப்பல்களுக்கும் கரைக்கும் இடையே சரக்கை ஏற்றி இறக்கியவை அவ்வூர்த் தோணிகளே. பயணிகள் குறைவா? அதுவும் இல்லை. சட்டம் இடந்தரவில்லையா? பலர் பங்கு சேர்த்துத் தொழில் நடத்துதற்கு வழிவகுத்த இந்தியக் கம்பனிகள் சட்டம் 1882ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டுவிட்டது. எல்லாம் இருந்தன. ஆனால் ஒன்று மற்றொன்றைச் சேரவில்லை. பணம் பெட்டியிலும், திறமை தோணியிலும், சட்டம் ஏட்டிலும், பயணி துறையிலுமாகப் பிரிந்து கிடந்தனர்.

இங்கே ஒஸ்திரிய நாட்டுப் பொருளியல் அறிஞர் யோசேப்பு சும்பீற்றரின் கருத்து நினைவுகூரத்தக்கது. முயற்சியாளனின் தனித்தொழில் புதிய சேர்க்கை என்று அவர் கூறினார். உள்ள பொருள்களையும் உள்ள ஆற்றல்களையும், முன்னர் எவருஞ் சேர்த்திராத முறையிலே சேர்த்துக் காட்டுபவனே முயற்சியாளன். பணம் கொடுப்பவன் முதலாளி, நாள்தோறும் நடைமுறையைக் கவனிப்பவன் மேலாளன். இவ்விருவரும் வேறு, அவன் வேறு என்பது அவர் கொள்கை. இந்த அளவுகோலால் அளந்து பார்த்தாற் சிதம்பரனார் செய்த செயல் இன்னதென்பது விளங்கும்.

1905இல் வங்காளம் பிரிக்கப்பட்டதன் பயனாக எழுந்த சுதேசி இயக்கம் தெற்கேயும் பரவிற்று. அந்நியத் துணியை விலக்குக என்று மேடையிற் பேசுவோர் பெருகினர். சிதம்பரனாரும் பேசினார், ஆனாற் பேச்சோடு நின்றாரல்லர். விலக்கிய பொருளுக்கு ஈடாக வேறு பொருள் வேண்டுமே என்று எண்ணி, நெசவுச்சாலையும் பண்டகசாலையும் தொடங்குவித்தார். பின்னர், பொருளை விளைவித்தாலும் அதைக் கொண்டு செல்லும் வழி பிறர் கையில் இருக்குமாயின் வணிகம் தம்முடையதாகாது என்பதை உணர்ந்தார். துறைமுகத்தில் வாழும் வக்கீலுக்கு இவ்வுண்மை நாள்தோறும் கண்முன் தெரிந்தது. அவ்வாறு தெரிந்தது ஊரிற் பலருக்குந்தான். தெரிந்ததைத் தன் மேற் கொண்டவர் அவர் ஒருவரே.

1906ஆம் ஆண்டு ஒக்ரோபர் 16ஆந் திகதி சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. அதன் முதல் பத்து இலட்சம் ரூபா. அதனை 40,000 பங்குகளாகப் பகுத்து, பங்கொன்று 25 ரூபா என விதித்தனர். இவ்விதிப்பிலேயே ஒரு நுட்பம் உளது. சிலரிடம் பெருந்தொகை பெறுவதாயின் பங்கின் விலையை உயர்த்தியிருக்கலாம். 25 ரூபா என்றமையாற் சிறு கடைக்காரரும் உத்தியோகத்தரும் சேர்வதற்கு வாயில் திறந்தது. பாலவனத்தம் சமீன்தாரும் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவருமான பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகம்மது பக்கீர் சேட்டு என்னும் வணிகர் 8,000 பங்குகளை இரண்டு இலட்சம் ரூபாவுக்கு எடுத்தார். மொத்த முதலில் ஐந்திலொரு பங்கு ஒருவரிடமிருந்தே வந்தது. சிதம்பரனார் ஏற்றது உதவிச் செயலாளர் பதவி. தலைமை தமிழ் வளர்த்த சமீன்தாருக்கு. பெருமுதல் முஸ்லிம் வணிகருக்கு. ஓடியாடி உழைக்கும் வேலை தமக்கு. இதுவே அவர் செய்த சேர்க்கை.

பங்குகள் ஆசிய நாட்டினருக்கே உரியன என்று வரையறுக்கப்பட்டது. இலங்கை மக்களும் அதனுள் அடங்குவர். கப்பல் செலுத்துங் கலையிலும் கப்பல் கட்டுந் தொழிலிலும் நம்மவரைப் பயிற்றுவித்தலும் சங்கத்தின் நோக்கங்களுள் ஒன்றாய் இருந்தது. இலாபம் ஒன்றே கருதிய கம்பனி இவ்வாறு எழுதியிராது. பங்கு வாங்கியோர் பலர் வட்டியை எண்ணி வாங்கவில்லை, நம்பிக்கையால் வாங்கினர். இந்நம்பிக்கையே சங்கத்தின் உண்மையான முதல். அதன் பேராபத்தும் அதிலேயே அடங்கியிருந்தது.

தொடக்கத்திற் சங்கத்துக்குச் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாய் ஷா லைன் கம்பனியாரிடம் வாடகைக்குக் கப்பல் பெற்று ஓட்டினர். எதிர்க்கம்பனியார் சும்மா இருப்பரா? அவர்களது நெருக்குதலாற் கப்பல் கொடுத்தவர் அதனை மீட்டுக்கொண்டனர். துறையிற் பயணிகள் காத்து நிற்க, ஓட்டுதற்குக் கப்பல் இல்லை. சிதம்பரனார் கொழும்பு சென்று வேறொரு கப்பலை வாடகைக்கு அமர்த்தி அந்நேர இடரைத் தீர்த்தார். அறுந்த கயிற்றைக் கொழும்பு முடிந்து கொடுத்தது எனலாம். ஆயினும் இரவற் கப்பலை நம்பித் தொழில் நடத்தவியலாது என்னும் பாடம் அவருக்கு ஐயமின்றி விளங்கிற்று.

ஆகவே கப்பல் வாங்கும் பொருட்டு அவர் பம்பாய்க்குப் புறப்பட்டார். வீட்டிலே மகன் நோயுற்றும் மனைவி கருவுற்றும் இருந்த வேளையது என்றும், திரும்பினாற் கப்பலோடு திரும்புவேன், இன்றேற் கடலில் வீழ்ந்து மடிவேன் என்று சூளுரைத்தார் என்றும் அவர் வரலாறு கூறுவோர் உரைப்பர். 1907இற் சங்கம் காலியா, லாவோ என்னும் இரு நீராவிக் கப்பல்களுக்கு உரியதாயிற்று. ஒவ்வொன்றும் 1,300 சாதாரணப் பயணிகளையும் 4,000 மூட்டைச் சரக்கையும் ஏற்றவல்லது எனக் கணக்கிடப்பட்டது. பாரதியாரின் 'இந்தியா' பத்திரிகை அவற்றின் வருகையைக் கொண்டாடிற்று. தூத்துக்குடித் துறையில் மகிழ்ச்சி கரைபுரண்டது.

ஆனாற் கந்திலோன் கூறிய இருள் இப்போதுதான் சூழலாயிற்று. கப்பற் றொழிலின் கணக்கு ஏனைய வணிகங்களின் கணக்கைப் போன்றதன்று. கப்பல் நிறைந்து சென்றாலுஞ் சரி, வெறிதே சென்றாலுஞ் சரி, கரிச் செலவும் மாலுமிகளின் சம்பளமும் துறைமுகக் கட்டணமும் ஏறக்குறைய ஒன்றே. ஆதலாற் பயணிகளைக் கவர்ந்தவன் பிழைப்பான், இழந்தவன் அழிவான். எதிர்க்கம்பனி கட்டணத்தை ஒரு ரூபாவாகக் குறைத்தது. சுதேசிச் சங்கம் எட்டணாவாகக் குறைத்தது. பின்னர் எதிர்க்கம்பனியார் கட்டணமே வேண்டாம், பயணிக்குக் குடையும் இனாமாகத் தருவோம் என்றனர் என வரலாற்று நூல்கள் கூறும். நூறு வழிகளிற் கப்பல் ஓட்டுபவனுக்கு ஒரு வழியில் வரும் நட்டம் ஒரு கைப்பிடி உப்பு. ஒரேயொரு வழியில் ஓட்டுபவனுக்கோ அதுவே உயிர்நிலை. எட்டணாக் கட்டணத்தை ஈடு செய்ய வேறு கடலில் இலாபம் ஈட்டும் வாய்ப்புச் சங்கத்துக்கு இல்லை.

அமெரிக்க அறிஞர் பிராங்க் நைட் 1921இல் எழுதிய நூலில், இடர் வேறு, நிச்சயமின்மை வேறு என்று பிரித்துக் காட்டினார். புயலிற் கப்பல் மூழ்குவது இடர். நூறு கப்பலில் எத்தனை மூழ்கும் என்று கணக்கிடலாம்; காப்புறுதியும் செய்யலாம். ஆனால் எதிரி நாளை இனாமாகப் பயணிகளை ஏற்றுவானா, அரசு நாளை யாது செய்யும் என்பனவற்றுக்குக் கணக்கும் இல்லை, காப்புறுதியும் இல்லை. இத்தகைய நிச்சயமின்மையைத் தாங்குபவனே முயற்சியாளன் என்றார் அவர். சிதம்பரனார் கடலுக்கு அஞ்சவேண்டிய தேவை இருக்கவில்லை. காப்புறுதி செய்யவியலாத இடரெல்லாம் கரையிலேயே காத்திருந்தன.

1908ஆம் ஆண்டு பெப்ரவரி இறுதியிற் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் தலைமை தாங்கினர். ஒன்பது நாளிற் போராட்டம் வெற்றியுடன் முடிந்தது. ஊதிய உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்தன. ஆனால் அந்த ஆலைக்கு உரியவர்களே எதிர்க்கம்பனியின் முகவர்கள் அல்லவா? கப்பற் போட்டியும் ஆலைப் போராட்டமும் அரசியற் கிளர்ச்சியும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. அரசியலினின்றும் சங்கம் ஒதுங்கி நிற்றல் வேண்டும் என்று கருதியோர் சங்கத்தினுள்ளேயே இருந்தனர். அவர்களைக் கோழைகள் என்று இகழ்ந்துவிடுதல் முறையன்று. பிறர் பணத்துக்குப் பொறுப்பேற்றவர் அஞ்சுவதும் ஒரு கடமையே. மார்ச்சு 12ஆந் திகதி சிதம்பரனார் கைது செய்யப்பட்டார். மறுநாள் திருநெல்வேலியிற் கலகம் மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர். யூலை மாதத்தில் நீதிபதி பின்கே இரண்டு ஆயுட் டண்டனைகளை, அதாவது நாற்பதாண்டுத் தண்டனையை, அவருக்கு விதித்தார். மேன்முறையீட்டில் அது ஆறாண்டாகக் குறைந்தது. கோயம்புத்தூர்ச் சிறையில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கிழுத்த கதையை அறியாத தமிழர் இலர்.

அவர் சிறையில் இருக்கையிலேயே, 1911இல், சங்கம் கலைக்கப்பட்டது. கப்பல்கள் கைமாறின. பங்கு வாங்கிய சிறியோரும் பெரியோரும் தம் பணத்தை இழந்தனர். சும்பீற்றர் புதிய சேர்க்கை பற்றிக் கூறிய நூலை வெளியிட்டதும் அதே 1911ஆம் ஆண்டிலேயாம். தூரத்து ஐரோப்பாவில் ஓர் அறிஞர் முயற்சியாளனுக்கு இலக்கணம் வகுத்த ஆண்டிலே, அவ்விலக்கணத்துக்கு இலக்கியமாய் நின்ற ஒருவர் சிறையில் வாட, அவர் சேர்த்தவை எல்லாம் சிதறிப்போயின.

இம்முயற்சி தோற்றது ஏன்? எதிரியின் சூழ்ச்சியும் அரசின் கொடுமையும் காரணம் என்பது மெய்யே. ஆனால் அவையே முழுக் காரணமும் ஆகா. நெடுநாட் போட்டியைத் தாங்கும் அளவுக்கு முதல் திரட்டப்படவில்லை. ஒரே வழியை நம்பியமையால் நட்டத்தைப் பகிர்ந்து தாங்க இடமில்லை. எல்லாவற்றுக்கும் மேலாகச் சங்கத்தின் நம்பிக்கை அனைத்தும் ஒரு மனிதரைச் சுற்றியே நின்றது. மக்களைப் பங்கு வாங்கச் செய்த அதே நாட்டுப்பற்றுத்தான் அம்மனிதரைச் சிறைக்கும் கொண்டுசென்றது. தூணைப் பிடுங்கியதும் பந்தல் சரிந்தது. 1919இற் பம்பாயில் வால்சந்து ஈராசந்து முதலியோர் தொடங்கிய சிந்தியா கப்பற் கம்பனி இதனோடு ஒப்பு நோக்கத்தக்கது. அதே எதிரியோடு அதுவும் கட்டணப் போரிட்டது. ஆனாற் பெருமுதலும் பலர் தலைமையும் உடையதாய் இருந்தமையால் தாங்கி நின்று, 1923இல் உடன்படிக்கை செய்துகொண்டு, பல பத்தாண்டுகள் கப்பலோட்டிற்று. தூத்துக்குடி கற்ற பாடத்தைப் பம்பாய் பயன்படுத்திற்று எனின் மிகையாகாது.

அங்ஙனமாயின் தோற்றவரை முயற்சியாளர் என்பது பொருந்துமா? இலாபமே அளவுகோலாயின் பொருந்தாது. ஆனால் இலாபம் முயற்சியின் பயன்களுள் ஒன்றேயன்றி முயற்சியின் இலக்கணமன்று. தெரியாத வரவுக்குத் தெரிந்த செலவை ஏற்றல், சிதறியவற்றைச் சேர்த்தல், கணக்கில் அடங்காத இடரைத் தாங்குதல் ஆகிய மூன்றும் சிதம்பரனாரிடத்து நிறைந்திருந்தன. அறிஞர் நூல்கள் அழுத்திக் கூறாத நாலாவது ஒன்றும் அவரிடத்து இருந்தது. பிறர் தம் மேல் வைத்த நம்பிக்கைக்குத் தாமே விடையிறுக்கவேண்டியவர் என்னும் உணர்ச்சியே அது.

அவர் 1912ஆம் ஆண்டு இறுதியில் விடுதலையானார். அன்று அவரை வரவேற்கக் கூட்டம் இல்லை, கப்பலும் இல்லை, வக்கீற் றொழில் செய்யும் உரிமையும் இல்லை. சென்னையிற் சிறு வணிகம் நடத்திப் பார்த்தார், நொடித்தது. வறுமையின் நடுவே தமிழ் நூல்களுக்கு உரை எழுதினார். பழைய நூல்களைப் பதிப்பித்தார். பின்னர் வாலேசு என்னும் ஆங்கிலேய நீதிபதி வக்கீல் உரிமையை மீண்டும் பெற்றுக் கொடுத்தார். அந்நன்றியை மறவாது தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார் சிதம்பரனார். ஆங்கிலேயர் கம்பனியை எதிர்த்தவர்; ஆங்கிலேயன் ஒருவன் செய்த நன்மையைக் கடனாகக் கருதித் தம் குடியிலே எழுதிவைத்தவர்.

1936ஆம் ஆண்டு நவம்பர் 18ஆந் திகதி அவர் தூத்துக்குடியிற் காலமானார். இன்று அவ்வூர்த் துறைமுகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2011இல் அப்பெயர் இடப்பட்டது. ஆனால் அவரை அறிதற்கு அதனினுஞ் சிறந்த சான்று ஒன்று உளது. இறப்பதற்கு முன் அவர் எழுதிவைத்த விருப்ப ஆவணத்தில், துணிக்கடைக்கும் மளிகைக்கடைக்கும் தாம் கொடுக்கவேண்டிய சிறு சிறு கடன்கள் ஒவ்வொன்றாகக் குறிக்கப்பட்டுள்ளன. பத்து இலட்சம் ரூபா முதலுடைய சங்கத்துக்குப் பங்கு சேர்த்தவர், கடைசியிற் சில்லறைக் கடன்களுக்குக் கணக்கு எழுதினார். அவ்விரண்டு கணக்கையும் எழுதியது ஒரே கையும் ஒரே மனமுமாம். மேற்கொண்டதைக் கீழே போட்டுவிட்டு ஓடாதவனே முயற்சியாளன் என்பதற்கு அந்த ஆவணமே போதிய சான்று.